நெல்லைச் சீமையிலிருந்து ஒரு சர்வதேச சைக்கிள் அணி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் விடிவதற்கு முன்னால் சைக்கிள் எடுக்கும் பிள்ளைகளோடு பத்து வருடத்துக்கும் மேலாகச் சுற்றி வருகிறேன். அவர்களைத் தேசியப் போட்டிகளுக்குக் கூட்டிப் போயிருக்கிறேன். மலேசியாவிலும் தாய்லாந்திலும் ரேஸ்களில் தண்ணீர் பாட்டில் கொடுக்கும் வேலைக்கு நின்றிருக்கிறேன். "நம்ம ஊர்ல இருந்து ஒரு டீம் போட முடியாதா?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள், அவர்களுடைய அப்பாக்கள் கேட்கிறார்கள், கடைக்கார அண்ணாச்சிகளும் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒரே இடத்தில் எழுதுகிறேன்.

சர்வதேச அணி என்றால் எந்த நிலை? டூர் டி பிரான்ஸில் ஓடுகிற மாதிரியா?

இல்லை. உலக சைக்கிள் சம்மேளனமான யு.சி.ஐ. சுவிட்சர்லாந்தில் ஏகிள் என்ற ஊரில் இருக்கிறது. ஆண்கள் சாலைப் பந்தய அணிகளை அது மூன்று தட்டாக வைத்திருக்கிறது. உச்சியில் 18 வேர்ல்ட் டீம்கள், அடுத்து புரோ டீம்கள், கீழே கான்டினென்டல் அணிகள். டூர் டி பிரான்ஸ் மேல் இரண்டு தட்டுகளுக்கானது. நம் கைக்கு எட்டுவது மூன்றாவது தட்டு. உலகம் முழுக்க நூற்றுக்கும் மேற்பட்ட கான்டினென்டல் அணிகள் உண்டு. ஒரு மாகாண அரசு நடத்தும் அணியும் உண்டு, சைக்கிள் கடைக்காரரும் நாலு நண்பர்களும் சேர்ந்து நடத்தும் அணியும் உண்டு.

சின்ன அணி என்று யாராவது இளக்காரமாகப் பேசினால் நான் இரண்டு பேரைச் சொல்வேன். கென்யாவில் பிறந்த கிறிஸ் ஃப்ரூம், 2007-இல் தென்னாப்பிரிக்காவின் ஒரு கான்டினென்டல் அணியில்தான் இருந்தார். அந்த வருடம் டூர் ஆஃப் ஜப்பான் என்ற பல நாள் பந்தயத்தில் ஒரு கட்டத்தை, அதாவது ஒரு நாள் ஓட்டத்தை, ஜெயித்தார். பிறகு நாலு முறை டூர் டி பிரான்ஸ். இரண்டாமவர், பின்னாளில் உலகின் முன்னணி வீரர்களில் ஒருவரான ஸ்லோவேனியாவின் ப்ரிமோஷ் ரோக்லிச். பனிச்சறுக்குத் தாண்டலை விட்டு வந்தவரை 2013-இல் சேர்த்துக்கொண்டது அந்த நாட்டின் ஒரு சின்னக் கான்டினென்டல் அணி. அங்கேயே மூன்று வருடம் பழகினார். பெரிய அணிகள் எல்லோரையும் தேடிப் போவதில்லை. யாராவது முதலில் ஒரு ஜெர்சி கொடுத்து, ரேஸுக்குக் கூட்டிப் போனால்தான் அவர்கள் கண்ணில் படவே முடியும்.

நேராகக் கான்டினென்டல் அணியாகப் பதிவு செய்துவிடலாமா?

செய்யாதீர்கள். முதல் வருடம் கிளப் அணியாகவே ஓடுங்கள்.

பந்தயங்களுக்கு வகுப்பு எண் உண்டு. முதல் எண் 1 என்றால் ஒருநாள் பந்தயம், 2 என்றால் பல நாள் கட்டப் பந்தயம். அடுத்த எண் தரம். 2.1 மேலானது, 2.2 அதற்குக் கீழே. இந்த 1.2, 2.2 வகுப்புகளில் கான்டினென்டல் அணிகளோடு தேசிய அணிகளும், மாநில, கிளப் அணிகளும் ஓடலாம். பந்தயம் நடத்துபவர் அழைக்க வேண்டும், இந்திய சைக்கிள் சம்மேளனம் வெளிநாட்டில் ஓட அனுமதிக் கடிதம் தர வேண்டும், அவ்வளவுதான். பதிவுச் செலவு, வங்கி உத்தரவாதம் எதுவும் இல்லாமலேயே அதே சாலையில் அதே ஆட்களோடு ஓடிப் பார்த்துவிடலாம். 2026 ஜனவரியில் புனேயில் 2.2 வகுப்பில் கட்டப் பந்தயம் நடந்தது. நம் நாட்டுக்குள்ளேயே இந்தத் தரம் வந்துவிட்டது.

ஒரு வருடம் அப்படி ஓடினால் எது முடியும் எது முடியாது என்று தெரிந்துவிடும். யார் மெக்கானிக் வேலைக்கு உண்மையில் லாயக்கு, எந்தப் பையன் வெளியூர்ச் சாப்பாட்டில் சுருண்டுவிடுவான், விசா யார் பார்ப்பது, ராத்திரி பதினோரு மணிக்கு யார் ஜெர்சி துவைப்பது, எல்லாம்.

சரி, இரண்டாம் வருடம் பதிவு செய்கிறோம். என்னென்ன வேண்டும்?

அணியில் குறைந்தது 10, அதிகபட்சம் 16 வீரர்கள். பெரும்பான்மையோர் 28 வயதுக்குள் இருக்க வேண்டும். பெரும்பான்மை வீரர்கள் எந்த நாட்டினரோ அந்த நாட்டுச் சம்மேளனத்தில்தான் பதிவு. நம் பிள்ளைகள்தான் அதிகம் என்றால் டெல்லியில் இருக்கும் இந்திய சைக்கிள் சம்மேளனம் வழியாகப் போக வேண்டும். வீரர் ஒப்பந்தங்கள், இன்சூரன்ஸ், வங்கி உத்தரவாதம், அணி இயக்குநர் யார், ஜெர்சி வடிவம் என்று காகிதக் கட்டு பெரிதாக இருக்கும். சீசன் ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை. காகித வேலை முந்தைய வருடத்திலேயே முடிய வேண்டும் என்பதால் ஆடி மாதமே தொடங்கிவிடுங்கள். தீபாவளி கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் ஒரு வருடம் போய்விடும்.

அணியைச் சட்டப்படி எப்படி அமைப்பது என்று கேட்கிறார்கள். சங்கமாகப் பதியலாம், அறக்கட்டளையாக வைக்கலாம், கம்பெனிச் சட்டம் 8-ஆம் பிரிவின் கீழ் லாப நோக்கமற்ற கம்பெனியாகவும் வைக்கலாம். ஆடிட்டரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். தனி ஆள் பெயரில் உள்ள சேமிப்புக் கணக்கில் மட்டும் அணிப் பணத்தை வைக்காதீர்கள்.

எவ்வளவு பணம் ஆகும்?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். நான் போட்டு வைத்திருக்கும் கணக்கைச் சொல்கிறேன். தொகைகள் நானாக எடுத்துக்கொண்டவை. உங்கள் நிலவரத்துக்கு மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

பத்து வீரர்களுக்கு மாதம் 20,000 ரூபாய் என்றால் வருடத்துக்கு 24 லட்சம். இயக்குநர், மெக்கானிக், மசாஜும் சாப்பாடும் பார்க்கிற ஒருவர் என மூன்று பேருக்கு மாதம் 25,000 வீதம் 9 லட்சம். வெளிநாட்டுப் பயணம் நாலு. ஒவ்வொன்றுக்கும் ஆறு வீரர், மூன்று ஊழியர். சைக்கிள் பெட்டிக் கட்டணத்தோடு ஆளுக்கு 40,000 என்று வைத்தால் 14 லட்சத்து 40 ஆயிரம். உள்நாட்டு ரேஸ்களுக்கு 4 லட்சம். டயர், செயின், துணிமணி 5 லட்சம். இன்சூரன்ஸ், மருத்துவம், லைசென்ஸ் 3 லட்சம். கூட்டினால் 59 லட்சத்து 40 ஆயிரம். சைக்கிள்களை ஸ்பான்சர் தராமல் நாமே வாங்கினால், ஒன்று இரண்டரை லட்சம் வீதம் பத்துக்கு இன்னும் 25 லட்சம். எதிர்பாராத செலவுக்கு ஆறில் ஒரு பங்கு ஒதுக்கினால் முதல் வருடம் ஒரு கோடிக்கு அருகில் போகும்.

கிளப் அணியாக, பிள்ளைகள் சொந்தச் சைக்கிளில், இரண்டே வெளிநாட்டு ரேஸ் என்றால் பதினைந்து லட்சத்துக்குள் முடிக்கலாம். அதனால்தான் முதல் வருடம் கிளப் அணியாகவே ஓடுங்கள் என்று மேலே சொன்னேன்.

ஒரு விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். பன்னிரண்டு மாதச் சம்பளமும் திரும்பி வர டிக்கெட் பணமும் வங்கியில் இருந்தால் ஒழிய அணிப் பெயரை அறிவிக்கக் கூடாது. சில வருடம் முன்பு ஒரு ஸ்பான்சரின் வாய்வார்த்தையை நம்பி ஆறு பிள்ளைகளுக்கு மாதச் சம்பளம் சொல்லிவிட்டேன். ஜூலையில் அவர்கள் கையை விரித்துவிட்டார்கள். ஆறு பேரில் ஒருவன், மேட்டில் என்னைவிட இரண்டு மடங்கு வேகமாக ஏறுகிறவன், வீட்டு வாடகைக்காகத் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போனான். போகும்போது ஜெர்சியைத் துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்து என் வீட்டில் கொடுத்துவிட்டுப் போனான். "வச்சுக்கிடுங்கண்ணே, வேற பையனுக்கு ஆகும்" என்றான். இன்னும் அது என் அலமாரியில்தான் இருக்கிறது. யாருக்கும் கொடுக்க மனம் வரவில்லை.

உள்ளூர்க் கடைக்காரர் எதற்காகப் பணம் போடுவார்?

திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு அண்ணாச்சி என்னிடம் நேராகவே கேட்டார்: "தம்பி, நம்ம கடைப் பேரு மலேசியாக்காரனுக்குத் தெரிஞ்சு எனக்கு என்ன ஆகப்போகுது?" நியாயமான கேள்வி. அதற்குப் பதில் இல்லாமல் ஸ்பான்சர் கேட்டுப் போகக் கூடாது.

நான் சொன்ன பதில் இது. மலேசியாவில் ரேஸ் ஓடும் ஊர்களில் நம் சனம் இருக்கிறது. அவர்களில் எத்தனையோ பேருக்குப் பூர்வீகம் தென்பாண்டிச் சீமை. "திருநெல்வேலி" என்று தமிழில் எழுதிய ஜெர்சி சாலையில் வருவதைப் பார்த்தால் படம் எடுத்து ஊருக்கு அனுப்புவார்கள். அந்தப் படம் சுற்றிச் சுற்றி வந்து சேருவது அண்ணாச்சியின் வாடிக்கையாளர் கைப்பேசிக்குத்தான். இன்னொன்று, வருடத்தில் முன்னூறு நாள் அணி இங்கேதான் ஓடும். சேரன்மகாதேவி ரோட்டில் தினமும் காலையில் பத்து ஜெர்சி போகிறதென்றால் பால்காரரிலிருந்து பள்ளிக்கூட வாத்தியார் வரை எல்லோர் கண்ணிலும் படும்.

அண்ணாச்சி பணம் தரவில்லை. ஒரு வருடம் பிள்ளைகளுக்கு அரிசி, பருப்பு, எண்ணெய் தந்தார். பத்துப் பேர் ஓர் அறை எடுத்துத் தங்கிச் சமைத்துச் சாப்பிடும் அணிக்கு அது சின்ன உதவி இல்லை. ரொக்கம் தர முடியாதவரிடம் பொருளாகவோ வேலையாகவோ கேளுங்கள். வேன் வைத்திருப்பவர் வேன் தரலாம், பல் டாக்டர் பல் பார்க்கலாம், பிசியோதெரபிஸ்ட் வாரம் ஒரு நாள் வரலாம்.

கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்காக ஒதுக்கும் சி.எஸ்.ஆர். பணம் கிடைக்குமா?

கிடைக்கலாம், ஆனால் அது ஸ்பான்சர் பணம் ஆகாது என்று தெரிந்துகொண்டு போங்கள். 2013-ஆம் வருடக் கம்பெனிச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் ஊரக விளையாட்டு, தேசிய அங்கீகாரம் பெற்ற விளையாட்டு, ஒலிம்பிக் விளையாட்டுகளுக்கான பயிற்சி இருக்கிறது. ஆனால் விளம்பர லாபத்துக்காகக் கம்பெனி செய்யும் ஸ்பான்சர்ஷிப்பை சி.எஸ்.ஆர். கணக்கில் காட்ட முடியாது. வெளிநாட்டில் செய்யும் செலவும் பொதுவாகச் சேராது. மாநிலத்தையோ நாட்டையோ பிரதிநிதித்துவம் செய்யும் இந்திய வீரர்களின் பயிற்சிக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆகவே ஜூனியர் பயிற்சித் திட்டத்தை ஓர் அறக்கட்டளையில் தனியாக வைத்து அதற்கு சி.எஸ்.ஆர். கேளுங்கள். ரேஸ் அணிக்கு ஸ்பான்சர் தேடுங்கள். இரண்டு கணக்கும் கலக்கக் கூடாது. வீரர் தனியாகப் போட்டிக்குப் போக உதவி வேண்டுமென்றால், 2023-இல் தொடங்கிய தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளைக்கு விண்ணப்பிக்கலாம்.

யாரை அணியில் சேர்ப்பது?

இந்தியாவின் நல்ல சாலை வீரர்களில் பலர் ரயில்வேயிலோ ராணுவத்திலோ வேலையில் இருப்பவர்கள். அந்த வேலைதான் அவர்கள் குடும்பத்துக்குச் சோறு. அவர்கள் நம் ஜெர்சி போட அலுவலகத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். பெரும்பாலும் கிடைக்காது. கிடைத்தாலும் அவசரத்துக்குத் திருப்பிக் கூப்பிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இருபது வயதில் நிரந்தர வேலையை விடு என்று ஒரு பிள்ளையிடம் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

அதனால் 17, 18 வயதில் தேடுங்கள். அரசுப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பில் விலையில்லாச் சைக்கிள் தருகிறார்கள் அல்லவா, அந்தக் கனத்த சைக்கிளில் தினமும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் மிதித்துப் பள்ளிக்கு வருகிற பிள்ளைகள் முக்கூடல், களக்காடு, நாங்குநேரி பக்கம் நிறைய இருக்கிறார்கள். நாங்கள் செய்வது எளிய சோதனை. மிதிக்கும் சக்தியை வாட் கணக்கில் காட்டும் பவர் மீட்டர் பொருத்திய சைக்கிளை, நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் ஹோம் டிரெய்னரில் மாட்டி, இருபது நிமிடம் முழுமூச்சாக மிதிக்கச் சொல்வோம். சராசரி வாட்டை உடல் எடையால் வகுத்துப் பார்ப்போம். 60 கிலோ பையன் 300 வாட் மிதித்தால் கிலோவுக்கு 5. அது கையில் உள்ளவன் ஆசியக் கட்டப் பந்தயத்தில் மலை வந்தாலும் பயப்பட வேண்டாம். முதல் தடவையிலேயே நாலைத் தொடுகிற பிள்ளையை நான் விடமாட்டேன், மீதியைப் பழக்கத்தில் கொண்டுவரலாம். ஆனால் எண் மட்டும் பார்த்துச் சேர்க்காதீர்கள். சோதனை முடிந்ததும் மூச்சு வாங்கிக்கொண்டே அடுத்த பையனுக்குச் சீட் உயரத்தைச் சரிசெய்து கொடுக்கிற பிள்ளை ஒருவன் இருப்பான். அவனை முதலில் சேருங்கள்.

வெளிநாட்டு வீரர் வேண்டுமா?

இரண்டு பேர் இருந்தால் நல்லது. முப்பது வயதுக்கு மேல் ஆன, பத்து வருடம் ஆசிய ரேஸ் ஓடிய ஒருவர், நூறு பேர் கூட்டத்தின் நடுவில் நம் பிள்ளைகளை இடம் பிடித்து வைக்கச் சொல்லித்தருவார். நான் காரில் உட்கார்ந்து கத்துவதைவிட அது பலன் தரும்.

சம்பளம் கொடுத்தே ஆக வேண்டுமா?

கான்டினென்டல் அணியில் சம்பளம் இல்லாத வீரர்களையும் வைத்துக்கொள்ள யு.சி.ஐ. விதி இடம் தருகிறது. இருந்தாலும் கொடுங்கள். சின்னத் தொகையாக இருந்தாலும் ஒன்றாம் தேதி வர வேண்டும்.

நெல்லைப் பக்கம் பயிற்சிக்கு மலை ஏது?

மலை கண்ணெதிரே நிற்கிறது, ரோடுதான் நம் கையில் இல்லை. மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலை ஏறும் பாதை எந்த ஐரோப்பிய மலைக்கும் குறைந்ததல்ல. ஆனால் அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. சோதனைச் சாவடியில் அனுமதி வேண்டும். தினசரிப் பயிற்சிக்கு அதை நம்ப முடியாது, நம்பவும் கூடாது. அது காட்டுக்குச் சொந்தமான இடம். செங்கோட்டை தாண்டி புளியரை எஸ் வளைவில் ஏறலாம், ஆனால் லாரி நெரிசல். விடிவதற்குள் போய் வந்துவிட வேண்டும். நீண்ட ஏற்றம் வேண்டுமென்றால் ஆரியங்காவு, தென்மலை வழியாகக் கேரளாவுக்குள் போய் பொன்முடி ஏறுங்கள், 22 கொண்டை ஊசி வளைவு. 2023 அக்டோபரில் ஆசிய மவுண்டன் பைக் சாம்பியன்ஷிப் நடந்த மலை அது. மாதம் ஒரு தடவை மூன்று நாள் அங்கே முகாம் போட்டால் போதும்.

ஆனால் நம் சீமையின் பெரிய சொத்து மலையில்லை, காற்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பதை நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று புகுந்து வருவதால்தான் முப்பந்தல் முழுக்கக் காற்றாலை நிற்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை பணகுடி, காவல்கிணறு, ராதாபுரம் பக்கம் கிளைச் சாலைகளில் பக்கவாட்டுக் காற்று ஆளைத் தள்ளும்.

சமவெளிப் பந்தயங்கள் உடைவது இந்தக் காற்றில்தான். சைக்கிள்காரர்கள் ஒருவர் பின் ஒருவர் ஒட்டி ஓடுவது காற்று மறைவுக்காக. காற்று எதிரே இருந்தால் மறைவு நேர் பின்னால் கிடைக்கும். பக்கத்திலிருந்து அடித்தால் மறைவும் பக்கவாட்டில் நகர்ந்துவிடும். தெற்கே போகிறோம், காற்று மேற்கே இருந்து, அதாவது வலப்பக்கமிருந்து வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆள் சாலையின் வலது ஓரம் பிடிப்பார். அடுத்தவர் அவருக்கு இடப்புறம் அரைச் சக்கரம் பின்னால், அடுத்தவர் இன்னும் இடப்புறம். விசிறி விரித்த மாதிரி சாய்வான வரிசை. ஒற்றைத் தடச் சாலையின் அகலத்தில் ஆறேழு பேருக்குத்தான் இடம். எட்டாவது ஆள் இடது ஓரத்து மணலில் மறைவே இல்லாமல் தனியாகக் காற்றைத் தின்பார். இரண்டே நிமிடத்தில் அவருக்கு முன்னால் இடைவெளி விழும். அவருக்குப் பின்னால் இருக்கும் எண்பது பேரும் அவரோடு போனார்கள். அந்த எட்டாவது ஆள் செய்ய வேண்டியது, முன்னால் எக்கிப் பிடிக்கப் பார்க்காமல் உடனே பின்னால் திரும்பி இரண்டாவது விசிறியைத் தொடங்குவது. இதைப் புத்தகத்தில் படித்தால் ஏறாது. வடக்கன்குளம் பக்கம் ஞாயிறு காலை, முன்னும் பின்னும் பைக்கில் ஆள் விட்டு வண்டிகளை நிறுத்தி, ஒரு மாதம் பழக்கினோம். முதல் வாரம் எல்லோரும் ஓடைக்குள் போனார்கள். நாலாவது வாரம் நான் சொல்லாமலே விசிறி விரிந்தது. பின்னால் பைக்கில் வந்த எனக்கு அதைப் பார்க்கப் பார்க்கத் தொண்டை அடைத்துக்கொண்டது.

நான்குவழிச் சாலையில் இதைச் செய்யாதீர்கள். அங்கே லாரிக்காரருக்கு நாம் விசிறியா வரிசையா என்று தெரியாது.

சித்திரை வெயிலில் எப்படி?

நாலரைக்குத் தொடங்கி எட்டரைக்கு வீட்டுக்கு. ஆனால் வாரத்தில் இரண்டு நாள் வேண்டுமென்றே பத்து மணி வெயிலில் ஒரு மணி நேரம் மெதுவாக ஓட்டுவோம். மலேசியா, தாய்லாந்துப் புழுக்கத்தில் குளிர்நாட்டுக்காரர்கள் வாடும்போது நம் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் ஒரே அனுகூலம் அதுதான். அதை விடக் கூடாது. உப்புப் போட்ட மோர் எங்கள் குளிர்பெட்டியில் எப்போதும் இருக்கும்.

என்ன சைக்கிள்?

ஒரே மாதிரி சைக்கிள், ஒரே கியர் செட். எது என்பதைவிட "ஒரே மாதிரி" என்பதுதான் முக்கியம். அப்போதுதான் ஒருவனுடைய சக்கரம் இன்னொருவனுக்குப் பொருந்தும், உதிரி ஒரே பெட்டியில் அடங்கும். ஃப்ரேமில் யு.சி.ஐ. அங்கீகார முத்திரை இருக்கிறதா பாருங்கள். சைக்கிளின் எடை 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்பது விதி. நம் பட்ஜெட்டில் அந்தக் கவலை வராது. விலையுயர்ந்த மெல்லிய சக்கரத்துக்குப் பதில் நல்ல டயருக்குச் செலவு செய்யுங்கள்.

சைக்கிளை விமானத்தில் எப்படிக் கொண்டுபோவது?

கோலாலம்பூருக்குத் திருச்சியிலிருந்து நேரடி விமானம் உண்டு. பெட்டிகளோடு வேனில் திருச்சி போவது நாங்கள் வழக்கமாகச் செய்வது. கட்டும் முறை: பெடல்களைக் கழற்றுங்கள், இடது பெடலின் மரை எதிர்த்திசை என்பதை மறக்காதீர்கள். பின்பக்கம் செயினைக் கியர் மாற்றிப் போடும் கருவியை (டிரெய்லியர்) அதன் கொக்கியோடு அவிழ்த்து, துணி சுற்றி, ஃப்ரேமுக்குள் கட்டுங்கள். வளைந்த கொக்கி ஒன்று ஒரு ரேஸையே கெடுத்துவிடும். சக்கரம் கழற்றிய கவைகளுக்கு நடுவே மரக்கட்டை அல்லது பிளாஸ்டிக் தடுப்பு வையுங்கள். டயர் காற்றைக் குறையுங்கள். காற்று நிரப்பும் கேஸ் குப்பிகளைப் பெட்டியில் போடாதீர்கள், பெட்டி அப்படியே நின்றுவிடும். கழற்றிய லித்தியம் பேட்டரிகள் கைப்பையில்.

கிளம்பும் விமான நிலையத்திலேயே சுங்க அதிகாரியிடம் சைக்கிளைக் காட்டி, வரிசை எண்ணோடு ஏற்றுமதிச் சான்று வாங்குங்கள். திரும்பும்போது "இது அங்கே வாங்கியதா?" என்ற கேள்விக்கு அந்தக் காகிதம்தான் பதில். நாங்கள் முதல் தடவை வாங்கவில்லை. நள்ளிரவில் பத்துப் பெட்டியும் பிரித்துக் காட்ட வேண்டியதாயிற்று.

எந்த ரேஸுக்கு முதலில் போகலாம்?

தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியாவில் நடக்கும் 2.2 கட்டப் பந்தயங்கள். வழக்கமாக அணிக்கு ஐந்தாறு பேர்தான். தங்குமிடம், சாப்பாடு, பல இடங்களில் அணிக் காரும் நடத்துபவர்களே தருவார்கள். அழைப்புக் கடிதத்தில் எது எது என்று வரி வரியாகப் படியுங்கள். ஐரோப்பா ஆசையிருந்தால் இரண்டு வருடம் பொறுங்கள். பெல்ஜியத்தில் கோடையில் ஊருக்கு ஊர் சுற்றுப் பந்தயம் நடக்கும். அங்கே ஒரு மாதம் ஓடினால் ஒரு வருடப் பாடம். ஆனால் ஷெங்கன் விசாவில் 180 நாளில் 90 நாள்தான் தங்க முடியும், அதற்கேற்பத் திட்டம் போட வேண்டும்.

தரவரிசைப் புள்ளி பற்றிக் கேட்பவர்களுக்கு: 2.2 பந்தயத்தின் ஒட்டுமொத்த வெற்றிக்கு 40 யு.சி.ஐ. புள்ளி, ஒரு கட்ட வெற்றிக்கு 7. 2.1-இல் அதுவே 125, 14.

ரேஸில் என்ன சாப்பாடு?

பெரிய அணிகளின் சமையல்காரர்கள் அரிசியைக் குழைய வேகவைத்து, இனிப்புச் சேர்த்து, வில்லைகளாக வெட்டி, அலுமினியத் தாளில் பொட்டலம் கட்டிக் கொடுக்கிறார்கள். முதல் தடவை பார்த்தபோது எனக்கு நம் வீட்டுச் சர்க்கரைப் பொங்கல்தான் ஞாபகம் வந்தது. இப்போது நாங்களும் செய்கிறோம். பச்சரிசியோடு கருப்பட்டிப் பாகு, கொஞ்சம் உப்பு. நெய்யும் முந்திரியும் கிடையாது, வேகமாக ஓடும்போது கொழுப்பு வயிற்றில் நிற்கும். தட்டில் பரப்பி ஆறவிட்டு, கையில் அடங்கும் அளவுக்கு வெட்டிக் கட்டுவோம். மணிக்கு 60 முதல் 90 கிராம் வரை மாவுச்சத்து உள்ளே போக வேண்டும், அதனால் இருபது நிமிடத்துக்கு ஒரு பொட்டலம். கோவில்பட்டிக் கடலை மிட்டாயை ரேஸ் முடிந்த பிறகு கொடுப்போம்.

ஊக்கமருந்து பற்றி என்ன சொல்லித்தர வேண்டும்?

எல்லாவற்றையும், முதல் நாளே, வீட்டாரையும் உட்கார வைத்து. உடம்பில் என்ன கண்டுபிடிக்கப்பட்டாலும் வீரரே பொறுப்பு. தெரியாமல் சாப்பிட்டேன் என்பது தப்பிக்க வழி ஆகாது.

நம் ஊரில் நான் அதிகம் பயப்படுவது குளுக்கோஸ் பாட்டிலுக்கு. பிள்ளை சோர்ந்து போனால் பக்கத்து கிளினிக்கில் ஒரு பாட்டில் ஏற்றிவிடுவது இங்கே சர்வசாதாரணம். உள்ளே வெறும் குளுக்கோஸாகவே இருந்தாலும், பன்னிரண்டு மணி நேரத்தில் 100 மில்லிக்கு மேல் நரம்பில் ஏற்றுவதே தடை. மருத்துவமனைச் சிகிச்சையின் முறையான பகுதியாக இருந்தால்தான் விலக்கு. டிராமடால் என்ற வலி மாத்திரை 2024 ஜனவரி முதல் போட்டியின்போது உலக அளவில் தடை. சைக்கிளில் 2019-இலேயே தடை செய்துவிட்டார்கள். ஜிம் பவுடர், சக்தி லேகியம், பெயர் தெரியாத சூரணம் எதுவும் கிடையாது. அம்மாக்களிடம் நான் சொல்வது: "அக்கா, காய்ச்சல்னா மொதல்ல எனக்கு ஒரு போன் போடுங்க, மாத்திரை அப்புறம் கொடுங்க." இரவு இரண்டு மணிக்கும் எடுப்பேன்.

யாராவது ஒரு பிள்ளையை ஊசியோடு பார்த்தால் அணியை அன்றே நிறுத்திவிடுவேன். அதில் பேச்சே இல்லை.

பெண்கள் அணி?

ஆண்கள் அணிக்கு முன்பே தொடங்கலாம் என்பது என் எண்ணம். பெண்களுக்கும் கான்டினென்டல் தட்டு தனியாக உண்டு, தாய்லாந்தில் பெண்களுக்கான கட்டப் பந்தயமும் உண்டு. 2004 சுனாமியில் தப்பிப் பிழைத்த அந்தமான் நிக்கோபார் பெண் டெபோரா ஹெரால்டு, வட்டத் தளத்தில் ஓடும் சர்வதேச டிராக் பந்தயங்கள் வரை போனார். தூரத்து ஊர்ப் பிள்ளைகளால் முடியுமா என்று கேட்பவர்களுக்கு அது போதும். வீட்டில் சம்மதம் வாங்கத்தான் நேரம் எடுக்கும். பயிற்சிக்கு ஓர் அக்கா கூட வருவார் என்று சொல்லுங்கள், சொன்னபடி வர வையுங்கள். விடிகாலை இருட்டில் பின்னால் ஒரு வண்டி கட்டாயம்.

முதல் ரேஸில் என்ன எதிர்பார்க்கலாம்?

நேரக் கெடுவுக்குள் முடிப்பதை. கட்டப் பந்தயத்தில் ஜெயித்தவரின் நேரத்தோடு குறிப்பிட்ட சதவீதம் கூட்டிக் கெடு வைப்பார்கள். தாண்டினால் மறுநாள் தொடக்கக் கோட்டில் நிற்க முடியாது. எங்கள் முதல் வெளிநாட்டு ரேஸில் ஐந்து பேர் தொடங்கினோம். இரண்டாம் நாளே மூன்று பேர் வீடு. மற்ற இருவரில் கடையம் பக்கத்துப் பையன் கடைசி நாள் மலையில் தனியாக வந்தான். கூட்டம் எல்லாம் கலைந்து, எல்லைக் கோட்டு வளைவிலிருந்து காற்றை இறக்கிக்கொண்டிருந்தார்கள். கெடுவுக்கு இன்னும் நாற்பது விநாடிதான் இருந்தது. நாங்கள் இரண்டு பேர் ஓடிப்போய் "மக்கா, வா, வந்துட்ட!" என்று கத்தினோம். வளைவைப் பிடித்துக்கொண்டிருந்த மலேசியக்காரர்கள் இறக்குவதை நிறுத்திவிட்டு, கையால் தூக்கிப் பிடித்தார்கள். அவன் அதற்கு அடியில் குனிந்து வந்தான்.